ரெண்டு பனடோலப் போட்டுட்டுப் படு

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் கிடைக்கும்போது ஆறுதலாக வாசியுங்கள்.

நம் ஊரில் ஒருவர் "உடம்பு சரியில்ல" என்று சொல்லத் தொடங்கினால், அவர் வாயை மூடுமுன்னே பதில் வந்துவிடும். "ரெண்டு பனடோலப் போட்டுட்டுப் படு." உம்மா சொல்வார். பக்கத்து வீட்டு ராத்தா சொல்வார். கடைக்குப் போனால் சாமான் நிறுத்துக்கொண்டிருக்கும் நானாவும் சொல்வார். தலையிடிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான். பரீட்சைப் பயத்தில் வரும் வயிற்று வலிக்கும், கலியாண வீட்டில் சமைத்துக் களைத்த நாரிக் குத்துக்கும் அதேதான். பனடோல் ஒரு கம்பனியின் வர்த்தகப் பெயர் என்பதே நமக்கு மறந்துபோய்விட்டது. வெள்ளையாக, நீட்டாக இருக்கும் குளிசை எல்லாம் நமக்குப் பனடோல்.

நம் வீடுகளில் மருந்துக்கென்று ஓர் இடம் இருக்கும். பெரும்பாலும் பிரிட்ஜுக்கு மேலே ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பா. அதைத் திறந்து பார்த்தால் அந்த வீட்டின் கடந்த மூன்று வருட வரலாறு தெரியும். பாதி வெட்டிய பனடோல் அட்டை. சின்னவனுக்குத் தடிமன் வந்தபோது வாங்கி, அடியில் சீனி போல உறைந்து கிடக்கும் பாணி மருந்து. மூத்தவளுக்குக் கொடுத்து மிஞ்சிய நாலு அன்டிபயோட்டிக். பார்மசியில் தந்த சின்னக் காகிதக் கவர், அதற்குள் பெயரில்லாத இரண்டு மஞ்சள் குளிசை. அது எதற்கு வாங்கியது என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. ஆனாலும் யாரும் எறிய மாட்டார்கள். "எதுக்கும் இரிக்கட்டும்."

அந்த "எதுக்கும் இரிக்கட்டும்" என்ற சொல்லைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

நாங்கள் கணிதம் படிப்பிக்கிறவர்கள். தரம் 9 பிள்ளைகளுக்கு விகிதம் படிப்பிக்கும்போது புத்தகத்தில் சீமெந்தும் மணலும் வரும், சர்பத்தும் தண்ணீரும் வரும். பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். ஒருமுறை வீட்டிலுள்ள மருந்துகளின் வெற்று அட்டைகளையும் வெற்றுப் பெட்டிகளையும் கொண்டுவரச் சொன்னோம். மருந்து இருக்கக்கூடாது, உறை மட்டும்தான் என்று இரண்டு தரம் சொல்லி அனுப்பினோம். அடுத்த நாள் மேசை நிறைந்துவிட்டது.

சின்ன எழுத்தில் என்ன இருக்கிறது என்று வாசியுங்கள் என்றோம். ஐந்து நிமிடம் போகவில்லை, பின் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான். "டீச்சர், இந்த நாலு பெட்டியும் வேற வேற பேரு. ஆனா கீழ ஒரே பேருதான் இரிக்கி." அவன் கையிலிருந்த நான்கிலும் பரசிட்டமோல் என்றுதான் எழுதியிருந்தது. ஒன்று காய்ச்சலுக்கு வாங்கியது, ஒன்று தலையிடிக்கு, ஒன்று தடிமன் குளிசை, ஒன்று சவூதியிலிருந்து சாச்சா அனுப்பியது. அந்தப் பிள்ளையின் வீட்டில் ஒருவருக்குத் தடிமனும் காய்ச்சலும் தலையிடியும் ஒன்றாக வந்தால், மூன்று மருந்து குடிப்பதாக நினைத்து ஒரே மருந்தை மூன்று மடங்கு குடிப்பார்.

பரசிட்டமோல் கெட்ட மருந்தல்ல. அளவோடு குடித்தால் அதைப்போல் பாதுகாப்பான வலி மருந்து குறைவு. 500 மில்லிகிராம் குளிசை என்றால் வளர்ந்த, வேறு நோயில்லாத ஒருவர் ஒரு தடவைக்கு ஒன்று அல்லது இரண்டு, நாலு மணித்தியாலமாவது இடைவெளி விட்டு, 24 மணித்தியாலத்தில் 8 குளிசைக்கு மேல் போகக்கூடாது. அதாவது 4 கிராம். உடல் மெலிந்தவர்களுக்கும் ஈரல் வருத்தம் உள்ளவர்களுக்கும் அதைவிடக் குறைவு. ஆனால் பல்வலி வந்த ஒரு மனிதர் இரவு முழுக்க என்ன செய்வார் என்று நமக்குத் தெரியும். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் இரண்டு இரண்டாகப் போட்டுக்கொண்டே விடிய வைப்பார்.

இந்த மருந்தின் ஒரு சிறு பங்கை ஈரல் நஞ்சாக மாற்றுகிறது. வழக்கமான அளவில் அந்த நஞ்சை ஈரலே உடனுக்குடன் முறித்துவிடும். அளவு மீறினால் முறிப்பதற்கு வைத்திருக்கும் சரக்குத் தீர்ந்துபோகும், நஞ்சு ஈரலையே தின்னத் தொடங்கும். பயங்கரம் என்னவென்றால் முதல் நாள் பெரிதாக ஒன்றும் தெரியாது. கொஞ்சம் குமட்டல், கொஞ்சம் களைப்பு. இரண்டு மூன்று நாளில்தான் கண் மஞ்சளாகும். ஆஸ்பத்திரியில் இதற்கு முறிவு மருந்து இருக்கிறது, ஆனால் முதல் 8 மணித்தியாலத்துக்குள் கொடுத்தால்தான் மிக நன்றாக வேலை செய்யும். கூடுதலாகக் குடித்துவிட்டார் என்று தெரிந்தால் "ஒண்டும் செய்யலதானே" என்று பார்த்துக்கொண்டிருக்காமல் உடனே கொண்டுபோக வேண்டியது அதனால்தான்.

அன்றைய பாடத்தில் ஒரு கணக்கும் செய்தோம். 12 கிலோ நிறையுள்ள தம்பிக்குக் காய்ச்சல். ஒரு கிலோவுக்கு 15 மில்லிகிராம் வீதம் கொடுக்கச் சொல்லி டொக்டர் எழுதியிருக்கிறார். போத்தலில் 5 மில்லிலீற்றருக்கு 120 மில்லிகிராம் என்று இருக்கிறது. எத்தனை மில்லிலீற்றர்? 12ஐ 15ஆல் பெருக்கினால் 180. விடை 7.5 மில்லிலீற்றர். இதே பாணி 5 மில்லிலீற்றருக்கு 250 மில்லிகிராம் உள்ள போத்தலாக இருந்தால்? 3.6. ஒரே மருந்து, ஒரே பிள்ளை, ஒரே கரண்டி, ஆனால் அளவு பாதிக்கும் கீழ். பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "எங்கட உம்மா தேக்கரண்டியாலதான் டீச்சர் குடுக்கிற" என்றாள் ஒருத்தி. எந்தத் தேக்கரண்டி? வீட்டுக்கு வீடு அளவு வேறு. பெட்டிக்குள் வரும் அளவு மூடியை நாம் பிள்ளைகளுக்கு விளையாடக் கொடுத்துவிட்டு, சீனிப் போத்தலில் கிடக்கும் கரண்டியை எடுக்கிறோம்.

இதெல்லாம் சிரிப்பாகப் போன விஷயம். சிரிக்க முடியாத ஒன்றையும் சொல்ல வேண்டும்.

2017ஆம் ஆண்டை நம் நாட்டில் யாரும் மறந்திருக்க முடியாது. டெங்கு. அந்த ஒரு வருடத்தில் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு சந்தேகத்தில் பதிவானார்கள். 400க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். ஆஸ்பத்திரிகளில் ஒரு கட்டிலில் இரண்டு பேர், கட்டிலுக்குக் கீழேயும் ஆள். அந்த வருடம் இரண்டாம் தவணைப் பரீட்சை நேரம் எங்கள் பாடசாலைப் பிள்ளை ஒருத்திக்கு ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் பிடித்தது. கெட்டிக்காரப் பிள்ளை. பரீட்சையை விட மனமில்லை. திங்கட்கிழமை காலையில் பனடோல் போட்டுக்கொண்டு வந்தாள். செவ்வாயும் அப்படியே. இடைவேளையில் முகம் சிவந்திருந்ததைப் பார்த்து வீட்டுக்கு அறிவித்தோம், வாப்பா வந்து கூட்டிப்போனார். அன்றிரவு பனடோலுக்குக் காய்ச்சல் அடங்கவில்லை என்று அவர் கடைக்குப் போய் "இதைவிடப் பவரானது ஒண்டு தாங்க" என்று கேட்டிருக்கிறார். வலிக் குளிசை ஒன்று கொடுத்திருக்கிறார்கள். இரண்டு நாள் குடித்தாள். வியாழக்கிழமை காலையில் காய்ச்சல் விட்டுவிட்டது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பிள்ளை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டுவிட்டாள். சத்தி. கைகால் பனிக்கட்டி. ஆஸ்பத்திரியில் முதலில் கேட்ட கேள்வி, "என்ன மருந்து குடுத்த?" வாப்பாவின் பொக்கற்றில் அந்தக் காகிதக் கவர் இருந்தது. அதில் பெயர் இல்லை. காலை ஒன்று, இரவு ஒன்று என்று பேனையால் இரண்டு கோடு மட்டும் இருந்தது.

அல்ஹம்துலில்லாஹ், பிள்ளை பிழைத்தாள். அதிதீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்து எழும்பி வந்தாள். பார்க்கப் போனபோது உம்மா சொன்ன ஒரு வசனம் இன்னும் காதில் இருக்கிறது. "காய்ச்சல் உட்டுட்டுதானே டீச்சர், சுகமாகிட்டு எண்டுதான் நினச்சம்."

அந்த உம்மாவை யாரும் குறை சொல்ல முடியாது. காய்ச்சல் விட்டால் சுகம் என்பது உலகம் முழுவதும் உள்ள உம்மாமாரின் கணக்கு. டெங்கு மட்டும் அந்தக் கணக்கைப் பிழையாக்குகிறது. டெங்கில் ஆபத்தான கட்டம் காய்ச்சல் குறையும் நேரத்தில்தான் தொடங்குகிறது. இரத்தக் குழாயிலிருந்து நீர் வெளியே கசியும் அந்த 24 முதல் 48 மணித்தியாலம்தான் உயிருக்கு ஆபத்து. அதனால்தான் காய்ச்சல் மூன்றாம் நாளைத் தொட்டால் இரத்தம் சோதித்துப் பாருங்கள் என்று நம் டொக்டர்மார் தொண்டை கிழியக் கத்துகிறார்கள். டிக்ளோபினாக், இபுபுரூபன், அஸ்பிரின் போன்ற வலி மருந்துகள் இரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. டெங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் உள்ள காய்ச்சலில் அவற்றைத் தொடவே கூடாது, பரசிட்டமோல் மட்டும்தான், அதுவும் அளவோடு. மழை பெய்தால் டெங்கு வரும் நாட்டில் எந்தக் காய்ச்சலைத்தான் சந்தேகப்படாமல் விடுவது? "பவரானது" என்று நாம் கேட்டு வாங்குவது, எதற்குப் பவர் என்று தெரியாமல் கேட்பது.

இந்த வலிக் குளிசைகளுக்கு இன்னொரு முகமும் உண்டு. எங்கள் தெருவில் ஒரு மாமா இருக்கிறார். சீனி வருத்தம், பிரஷர் இரண்டும் உண்டு. வயலுக்குள் நின்று நின்று முழங்கால் தேய்ந்துவிட்டது. சுபஹுக்குப் பள்ளிக்கு நடக்க முடியவில்லை என்று தினமும் ஒரு வலிக் குளிசை போடத் தொடங்கினார். பள்ளிக்கு நடந்தார். வருடக்கணக்காக நடந்தார். இப்போது கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்க ஆஸ்பத்திரிக்குப் போகிறார். சீனியும் பிரஷரும் ஏற்கெனவே கிட்னியைத் தின்றுகொண்டிருந்தன, அதற்குமேல் நாள் தவறாமல் போட்ட வலிக் குளிசையும் சேர்ந்துகொண்டது என்றுதான் கிளினிக்கில் சொல்லியிருக்கிறார்கள். அவர் கிளினிக்குக்கு ஒழுங்காகப் போகிறவர்தான். ஆனால் முழங்கால் குளிசையைப் பற்றி அங்கே ஒருநாளும் சொன்னதில்லை. "அது மருந்தா? சும்மா கடைக் குளிசதானே."

கடையில் துண்டில்லாமல் கிடைத்தால் அது மருந்தே இல்லை என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்தது?

அன்டிபயோட்டிக் கதை தனிக்கதை. தடிமனும் தொண்டை நோவும் வந்தால் "அமொக்சிலின் ஒரு காட் தாங்க" என்று கேட்பது நமக்குப் பாண் கேட்பது மாதிரி. தடிமன் வைரஸால் வருவது. தொண்டை நோவும் பெரும்பாலும் அப்படித்தான். அன்டிபயோட்டிக் பக்டீரியாவைத்தான் கொல்லும், வைரஸுக்கு அது தண்ணீர் மாதிரி. ஆனால் மூன்று நாளில் தடிமன் தானாகவே குறையும். நாம் சொல்வோம், "மருந்து கேட்டுட்டு." அதோடு நிறுத்திவிடுவோம். மிச்சம் ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் போகும், அடுத்த முறை தங்கச்சிக்குத் தொண்டை நோகும்போது வெளியே வரும்.

பென்சிலினைக் கண்டுபிடித்த அலெக்ஸாண்டர் பிளெமிங் 1945இல் தன் நோபல் பரிசு உரையிலேயே இதைச் சொல்லி எச்சரித்தார். தொண்டை நோவுக்குத் தானாகப் பென்சிலின் வாங்கி, போதாத அளவு குடித்து, கிருமிகளுக்கு மருந்தைத் தாங்கும் பழக்கத்தைக் கற்றுக்கொடுக்கும் ஒரு மனிதனை அவர் உதாரணமாகச் சொன்னார். அந்த உதாரணத்தில் அந்தக் கிருமி பிறகு தொற்றுவது அவன் மனைவிக்கு. அவளுக்கு மருந்து வேலை செய்யாமல் போகிறது. எண்பது வருடத்துக்கு முன் சொன்ன கதை, நம் தெருவைப் பார்த்துச் சொன்னது மாதிரி இருக்கிறது. மருந்துக்கு அடங்காத பக்டீரியாக்களால் 2019இல் மட்டும் உலகில் நேரடியாக ஏறத்தாழ 12 லட்சத்து 70 ஆயிரம் பேர் இறந்தார்கள் என்று 2022இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த ஆய்வு மதிப்பிடுகிறது. நம் சட்டப்படி அன்டிபயோட்டிக் டொக்டரின் துண்டில்லாமல் விற்கக்கூடாது. 2015இன் 5ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய ஒளடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபை இருக்கிறது. சட்டம் இருக்கிறது. கேட்டால் கொடுப்பவரும் இருக்கிறார், கொடுக்காவிட்டால் கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போகும் நாமும் இருக்கிறோம்.

வெளிநாட்டிலிருந்து வரும் பார்சலையும் விட முடியாது. டாங், கோடாலித் தைலம், பால்மா, அதோடு ஒரு பை நிறைய மருந்து. "இது சவூதிப் பனடோல், இஞ்ச உள்ளது மாதிரியில்ல" என்று தெரு முழுக்கப் பங்கு போகும். பனடோல் எக்ஸ்ட்ராவில் அதே 500 மில்லிகிராம் பரசிட்டமோலோடு கோப்பியில் இருக்கும் கபீன் சேர்ந்திருக்கிறது. இரவில் குடிக்கும் வகையில் நித்திரை வரவைக்கும் மருந்து சேர்ந்திருக்கிறது. அதைக் காலையில் போட்டுக்கொண்டு மோட்டார் சைக்கிளில் ஏறுகிறவர்களும் உண்டு. பெட்டியில் எல்லாம் அரபியில் எழுதியிருக்கிறது. நாங்கள் அரபு ஓதத் தெரிந்த வீட்டார். எழுத்தெல்லாம் தஜ்வீதோடு வாசிப்போம். அர்த்தம் மட்டும் தெரியாது.

நோன்பு காலத்தில் நாம் செய்வதையும் சொல்லத்தான் வேண்டும். மூன்று வேளை மருந்தை நோன்பு திறந்தவுடன் இரண்டாகவும் ஸஹருக்கு ஒன்றாகவும் நாமே பிரித்துக்கொள்கிறோம். சீனிக் குளிசையை நாமே கூட்டுகிறோம், நாமே குறைக்கிறோம், சிலர் முப்பது நாளும் விட்டுவிடுகிறார்கள். நோயாளிக்குச் சலுகை தந்த மார்க்கம் நம்முடையது. நோன்பு பிடிக்கக்கூடிய நிலையில் இருப்பவருக்கும் மருந்து நேரத்தை எப்படி மாற்றுவது என்று டொக்டர் சொல்லித் தருவார், சில மருந்துகளுக்கு நாளுக்கு ஒருமுறை குடிக்கும் வகையும் இருக்கிறது. ஷஃபான் மாதத்திலேயே கிளினிக்கில் ஒரு வார்த்தை கேட்டால் போதும். நாம் கேட்பது நோன்பு இருபதில் மயங்கி விழுந்த பிறகு.

பெண்களுக்கு ஒரு வார்த்தை. உம்ராவுக்குப் போகும்போது, முப்பது நோன்பையும் தொடர்ந்து பிடிக்க வேண்டும் என்னும்போது, மாதவிலக்கைத் தள்ளிப்போடும் குளிசையைக் கைக்குக் கை மாற்றுகிறோம். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் அது ஹோர்மோன் மருந்து. காலில் இரத்தக் கட்டி வந்தவர், ஈரல் வருத்தம் உள்ளவர் போன்றோருக்கு அது ஆபத்தாகலாம். எப்போது தொடங்குவது, எத்தனை நாள் என்பதும் ஆளுக்கு ஆள் பார்க்க வேண்டியது. வெட்கப்பட்டு மாமியிடம் கேட்பதைக் கொஞ்சம் வெட்கத்தை விட்டுப் பெண் டொக்டர் ஒருவரிடம் கேட்டுக்கொள்ளலாம்.

இவ்வளவும் சொல்லிவிட்டு "படிக்காத சனம்" என்று முடித்தால் அது அநியாயம். கல்வியியற் கல்லூரி விடுதியில் நாங்கள் இருந்த காலத்திலும் ஓர் அறைக்கு ஒரு குளிசை டப்பா இருந்தது. இருந்தவர்கள் எல்லோரும் நாளைய ஆசிரியர்கள். படிப்பு மட்டும் இந்தப் பழக்கத்தை மாற்றாது. இதற்கு வேறு காரணங்கள் இருக்கின்றன.

நம் நாட்டில் அரச ஆஸ்பத்திரியில் மருந்து இலவசம். உலகத்தில் பல நாடுகளுக்கு இல்லாத பாக்கியம். ஆனால் ஓபீடீயில் நம்பர் எடுக்கக் காலை ஆறரைக்கு நிற்க வேண்டும். டொக்டரைப் பார்த்து, மருந்து எடுத்து வெளியே வர மத்தியானமாகும். நாட்கூலிக்குப் போகிறவருக்கு அது ஒருநாள் சோறு. மீனுக்குப் போகிறவருக்கு ஒரு கடல். ஓட்டோ ஓடுகிறவருக்கு ஒரு லீசிங் தவணையின் துண்டு. தனியார் டொக்டரிடம் போனால் பீஸ் தனி, மருந்து தனி. 2022இல் மருந்து விலை ஏறியபோதும், ஆஸ்பத்திரியில் "வெளிய எடுங்க" என்று துண்டு எழுதித் தந்தபோதும், பத்து நாள் மருந்தை மூன்று நாளுக்கு வாங்கியவர்கள் நம் வீட்டுப் பக்கத்திலேயே இருந்தார்கள். அவர்கள் அறியாமையால் அப்படிச் செய்யவில்லை.

மொழி இன்னொரு காரணம். சில ஆஸ்பத்திரிகளில் நம் உம்மாமாருக்குத் தன் வருத்தத்தைச் சொல்ல வார்த்தை கிடைக்காது. "ரிதெனவா" என்ற ஒரு சிங்களச் சொல்லை வைத்துக்கொண்டு எந்த இடத்தில் நோகிறது, எத்தனை நாளாக, எப்படிப்பட்ட நோவு என்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். பார்மசியில் நிற்கும் தம்பியிடம் தமிழில் சொல்லலாம். அவன் முகம் தெரிந்தவன், வாப்பா பெயரும் தெரிந்தவன், அவசரப்படுத்த மாட்டான், கடனும் தருவான். அவனை டொக்டராக்கியது நம் அறியாமை மட்டுமல்ல, கேட்பதற்கு வேறு காது கிடைக்காததும்தான். மருந்துப் பெட்டியோ ஆங்கிலத்தில். அதனால்தான் அந்தக் காகிதக் கவரில் இரண்டு கோடு போட்டுத் தந்தாலே போதும் என்று நாம் திருப்திப்படுகிறோம்.

இதை மாற்ற நினைத்த ஒருவர் இந்த மண்ணில் இருந்திருக்கிறார். பேராசிரியர் சேனக பிபிலே. 1971இல் அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் அவருடைய முயற்சியால் வந்தது. நாம் 'ஒசுசல' என்று போகும் கடை அந்தக் கூட்டுத்தாபனத்துடையது. மருந்தைக் கம்பனிப் பெயரால் அல்ல, அதன் சொந்தப் பெயரால் வாங்க வேண்டும், தேவையான மருந்தைத் தேவையான அளவு, ஏழைக்கும் கட்டுப்படியாகும் விலையில் வாங்க வேண்டும் என்பது அவருடைய கொள்கை. 1977இல் கயானாவில் காலமானார். அவருடைய பெயர் நம் பிள்ளைகளுக்குத் தெரியாது. ஆனால் அன்று நான்கு பெட்டியைக் கையில் வைத்துக்கொண்டு "கீழ ஒரே பேருதான் இரிக்கி" என்று கண்டுபிடித்த பையன், தனக்குத் தெரியாமலே அந்தப் பேராசிரியர் சொன்னதைத்தான் சொன்னான்.

வீட்டில் மருந்தே வைக்கக்கூடாது என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வயிற்றோட்டத்துக்கு ஜீவனி பக்கற் வீட்டில் இருக்க வேண்டும். பக்கற்றில் எழுதியிருக்கும் அளவு நீரில் கரைத்து உடனே கொடுத்தால் பல பிள்ளைகளின் உயிரைக் காக்கும். காய்ச்சலுக்கு முதல் நாள் அளவான பரசிட்டமோல், நிறைய நீராகாரம், ஓய்வு, இது சரியான கைமருந்துதான். தடிமனுக்குக் கொத்தமல்லி அவித்துக் குடியுங்கள், தொண்டைக்கு இதமாக இருக்கும். பிரச்சினை கைமருந்தில் இல்லை. பெயர் தெரியாததைக் குடிப்பதிலும், அளவு தெரியாமல் குடிப்பதிலும், எந்த இடத்தில் நிறுத்தி ஆஸ்பத்திரிக்குப் போவது என்று தெரியாமல் இருப்பதிலும்தான் இருக்கிறது.

அந்தப் பாடத்துக்குப் பிறகு எங்கள் வகுப்புப் பிள்ளைகள் ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதி வீட்டுக்குக் கொண்டுபோனார்கள். பார்மசியில் மருந்து வாங்கும்போது கேட்க வேண்டியவை. இந்த மருந்தின் உண்மையான பெயர் என்ன? அதைக் கவரில் எழுதித் தருவீர்களா? ஒருநாளைக்கு அதிகமாக எத்தனை? வீட்டில் குடிக்கும் மற்ற மருந்துகளோடு இது ஒத்துப்போகுமா? எத்தனை நாளில் சுகமாகாவிட்டால் டொக்டரிடம் போக வேண்டும்? தமிழில் எழுதி, கூடத்துச் சுவரில் நாட்காட்டிக்குப் பக்கத்தில் ஒட்டச் சொன்னோம். சில வீட்டில் ஒட்டினார்கள். ஒரு பிள்ளையின் வாப்பா, "டீச்சர், பார்மசியில இதக் கேட்டா என்னெயப் பீஎச்ஐ எண்டு நினைக்கிறானுகள்" என்று சிரித்தார். கேட்டிருக்கிறார் என்பதே எங்களுக்குப் போதும். கேட்கும் ஆட்கள் கூடினால் எழுதித் தரும் கடையும் கூடும்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். இந்த வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு சாப்பிட்டு முடிந்ததும் பிரிட்ஜுக்கு மேலே இருக்கும் டப்பாவை இறக்குங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்திச் சின்ன எழுத்தை வாசிக்க விடுங்கள். பெயரில்லாத குளிசை, திகதி முடிந்தது, திகதியே வெட்டுப்பட்டுப் போனது, மிஞ்சிய அன்டிபயோட்டிக், நிறம் மாறிய பாணி எல்லாவற்றையும் தனியாக எடுத்து, அடுத்த முறை போகும்போது பார்மசியிலோ கிளினிக்கிலோ எப்படி ஒழிப்பது என்று கேளுங்கள். உம்மா, வாப்பா, உம்மம்மா குடிக்கும் எல்லா மருந்தின் பெயரையும், அந்த முழங்கால் குளிசையையும் சேர்த்து, ஒரு தாளில் எழுதிக் கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். டொக்டர் கேட்காவிட்டாலும் எடுத்துக் காட்டுங்கள்.

காய்ச்சல் மூன்றாம் நாள் என்றால் பரீட்சை இருந்தாலும் பிள்ளையைப் பாடசாலைக்கு அனுப்பாதீர்கள். அதிபரிடம் நாங்கள் கதைக்கிறோம். தவணைப் பரீட்சை அடுத்த தவணையும் வரும்.